திறந்து விட்டார்களாம் — தொடக் கூடாதாம்!

திறந்து விட்டோம் என்கிறார்கள்! இத்தனை ஆண்டுகளாக இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு, வாயிலில் வழக்கறிஞரை நிறுத்திக் காத்து வந்த மூலநிரலை, இதோ ஊரறிய, உலகறியத் திறந்து வைத்தோம், வந்து பாரீர் என்று அழைக்கிறார்கள், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள மென்பொருள் நிறுவனத்தார். ‘ஓப்பன் சோர்ஸ்’ — திறந்த மூலம் — என்ற பட்டத்தைத் தாங்களே எடுத்துத் தங்கள் தலையில் தாங்களே சூட்டிக் கொள்கிறார்கள். அருகே போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது: கதவு திறந்திருக்கிறது, உண்மை, வாசற்படிக்குக் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது!

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் நடந்த கூத்தைக் கேளுங்கள், தோழர்களே! வின்ஆம்ப் என்று ஒரு மென்பொருள். கணினியில் பாட்டுக் கேட்பதற்கென 1997-ல் பிறந்தது. ஒரு காலத்தில் உலகெங்கும் கொடி கட்டிப் பறந்தது. கை மாறிக் கை மாறிக் கடைசியில் பெல்ஜியம் நாட்டு நிறுவனம் ஒன்றின் வசம் வந்து சேர்ந்தது. அந்த நிறுவனம் மே மாதமே முரசு கொட்டிவிட்டது — மூலநிரலைத் திறக்கப் போகிறோம், உலகத்து வல்லுநர்களெல்லாம் வாருங்கள், வளர்த்துத் தாருங்கள் என்று. குறித்த நாளும் வந்தது. கிட்ஹப் எனும் பொதுக் கிடங்கிலே நிரலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆர்வத்தோடு ஓடியவர்கள் உரிமத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். என்ன இருந்தது அதிலே? திருத்திய வடிவத்தை நீ யாருக்கும் தரக்கூடாது. தனியாகக் கிளை பிரித்து நடத்தக்கூடாது. திருத்தியதையெல்லாம் எங்களிடமே கொண்டுவந்து கொடு. ஊருக்கு வழங்கும் உரிமை எங்களுக்கு மட்டுமே உண்டு!

எப்படி இருக்கிறது நியாயம்? உழுவதற்கு வா, விதைப்பதற்கு வா, களை எடுக்கவும் வா; களத்து மேட்டுக்கு மட்டும் வராதே என்பது போல இல்லையா? வேடிக்கை இதோடு முடியவில்லை. கிட்ஹப்பின் சொந்த விதிப்படி, அங்கே பொதுவில் வைத்த எதையும் எவரும் கிளை பிரித்துத் தம் பக்கத்திலே வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பொதுக்கிணற்றில் வாளியைக் கட்டிவிட்டு, இறைக்காதே என்று பலகை மாட்டினார்கள்! கேலி கிளம்பியது, கண்டனம் எழுந்தது. உரிமத்தை அவசர அவசரமாகத் திருத்தினார்கள். கொட்டிய குவியலுக்குள்ளே பிறருடைய நிரல்களும் கலந்து கிடப்பது வெளிப்பட்டது. அக்டோபர் நடுவிலே அத்தனையையும் அழித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று வாரத் திறப்பு விழா! திறப்பும் அவர்களே, அடைப்பும் அவர்களே!

மூலநிரல் என்றால் என்ன என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு சொல். லேத்துப் பட்டறையிலே வேலை செய்பவருக்கு இது எளிதில் விளங்கும். முதலாளி உங்களுக்கு ஓர் இயந்திரத்தை விற்கிறார்; ஓடுகிறது; சரி. நாளை ஒரு பல்சக்கரம் தேய்ந்து போனால்? இயந்திரத்தின் டிராயிங் உங்கள் கையிலே இருந்தால், நீங்களே கடைந்து மாட்டிக்கொள்வீர்கள். டிராயிங் இல்லையேல், விற்றவன் வாசலிலே போய் நிற்க வேண்டும். அவன் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும். மென்பொருளுக்கு டிராயிங் எதுவோ அதுவே மூலநிரல். ஆனால் டிராயிங்கைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி, பார்த்துக்கொள், அதைப் பார்த்துச் சக்கரம் கடைந்தால் வழக்குப் போடுவேன் என்றால், அந்த டிராயிங் சுவருக்கு அழகு. பட்டறைக்குப் பயன் உண்டா?

ஆகவேதான், பார்க்க முடிகிறதா என்பது இந்த வழக்கிலே முதற் கேள்வியே அல்ல. பார்த்தபின் என்ன செய்ய முடிகிறது என்பதே கேள்வி. திருத்தலாமா? திருத்தியதைப் பக்கத்து வீட்டாருக்குத் தரலாமா? விற்கலாமா? எந்தத் தொழிலுக்கும், எந்த மனிதரும், எவரிடமும் மறுபடி கைகட்டி நிற்காமல் பயன்படுத்தலாமா?

இந்தக் கேள்விகளை இன்று நாம் கிளப்பவில்லை. இவற்றுக்கு எழுத்திலே விடை இருக்கிறது. அந்த விடைக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவிலே ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு அதைப் படிக்கவும், மாற்றவும், பகிரவும் உரிமை வேண்டும் என்றார். 1985-ல் அதற்கென ஓர் அறக்கட்டளை கண்டார். உரிமை உள்ள மென்பொருள் என்று பொருள்படத்தான் பெயர் வைத்தார். ஆனால் ஆங்கிலத்திலே அந்தச் சொல்லுக்கு இலவசம் என்றும் ஒரு பொருள் உண்டு. வணிகர்கள் மிரண்டார்கள். இலவசமா? உரிமையா? இரண்டுமே அவர்கள் காதுக்கு நாராசம்! 1998 சனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப் போவதாக அறிவித்தது. அந்தச் சூட்டோடு, பிப்ரவரியில், வணிகர் மிரளாத புதுப் பெயர் ஒன்று வேண்டும் என்று கூடிப் பேசியவர்களிடையே கிறிஸ்டின் பீட்டர்சன் என்ற அம்மையார் எடுத்துக் கொடுத்த சொல்தான் ‘ஓப்பன் சோர்ஸ்’. அதே மாதத்திலே புரூஸ் பெரன்ஸ், எரிக் ரேமண்ட் இருவரும் அந்தப் பெயரிலே ஓர் அமைப்பையும் தொடங்கினார்கள். டெபியன் குழுவினர் 1997-ல் தமக்கென வகுத்திருந்த நெறிகளை எடுத்து, இலக்கணம் வகுத்தார்கள். இன்று அதில் பத்து விதிகள். யாருக்கும் பாகுபாடு காட்டக்கூடாது. எந்தத் துறைக்கும் தடை விதிக்கக்கூடாது. மாற்றவும் மாற்றியதை வழங்கவும் இடம் இருக்க வேண்டும் — உயிர்நாடி இதுதான்.

நகைப்புக்குரிய இடம் எது தெரியுமா? முதலாளிகள் மிரளக்கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கிய சொல் அது. மிரளவில்லை, மெய்தான். மயங்கினார்கள்! மயங்கியதோடு விட்டார்களா? சொல்லைத் தூக்கிக்கொண்டு, அதன் இலக்கணத்தை வீதியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். புதுப் பெயர் கொள்கையை மழுங்கடிக்கும் என்று ஸ்டால்மன் அன்றிலிருந்தே முணுமுணுத்துக் கொண்டிருக்கிறார். முணுமுணுப்பிலே நியாயம் இல்லாமற் போகவில்லை. அந்தச் சொல்லை வணிகக் குறியாகப் பதிவு செய்து காக்கலாம் என்றும் முயன்றார்கள். பொதுச் சொல்லாக இருக்கிறது என்பதால் 1999-ல் அந்த முயற்சியும் கைகூடவில்லை. பட்டாப் பதியாத நிலம்! வேலி போட வந்தவனை விரட்டச் சட்டம் துணைக்கு வருமா? ஊரார் வாய்தான் துணை.

முதலில் வந்த பெரும்புள்ளி மைக்ரோசாஃப்ட். 2001-ல் அதன் தலைமை நிர்வாகியாயிருந்த ஸ்டீவ் பால்மர், லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். அதே ஆண்டிலேயே ‘பகிர்ந்த மூலம்’ என்று புதுக்கடை விரித்தது அந்த நிறுவனம். பெயரிலே ஒரு சாயல். பொருளிலே, தேர்ந்தெடுத்த சிலருக்குத் தேர்ந்தெடுத்த நிரலைக் காட்டும் ஏற்பாடு. இப்படித் தூற்றிய அந்த நிறுவனமே 2018-ல் கிட்ஹப்பை 750 கோடி டாலர் கொடுத்து வாங்கியது என்பது தனிக் கதை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலாளி கொடுத்தால் எல்லாமே மோசடி என்று கூவுவோரும் இருக்கிறார்கள். அது சினம், சிந்தனை அல்ல. மைக்ரோசாஃப்டின் பழைய எம்.எஸ்.டாஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 மார்ச்சில், கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியே, அதன் தொடக்ககால மூலநிரலை வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும், வணிகத்துக்கு ஆகாது என்ற நிபந்தனையோடு. 2018-ல் அதே நிரலை எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் வெளியிட்டார்கள். எடு, மாற்று, விற்கவும் செய், எங்கள் பெயரையும் உரிமத்தையும் மட்டும் உடன் வை என்பது அதன் சாரம். 2024 ஏப்ரலில் நான்காம் பதிப்பையும் அவ்வாறே தந்தார்கள். நிரல் அதே நிரல். நிறுவனம் அதே நிறுவனம். 2014-ல் அது திறந்த மூலம் அல்ல. 2018-ல் திறந்த மூலம். மாறியது ஒரு பக்கக் காகிதம்! கொடுப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் தோழர்களே, பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.

பத்திரம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்று காட்டியவர்கள்தான் ஹாஷிகார்ப் நிறுவனத்தார். இந்த வழக்கு உழைக்கும் மக்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

டெராஃபார்ம் என்று ஒரு கருவி. வாடகைக் கணினிகளை எங்கே, எத்தனை, எப்படி நிறுவ வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், எழுதியபடி நிறுவித் தரும். 2014-ல் வெளிவந்தது. மொசில்லா உரிமம் — ஐயமற்ற திறந்த மூல உரிமம். அதை நம்பி உலகெங்குமிருந்து பொறியாளர்கள் வந்தார்கள். பிழை கண்டு சொன்னார்கள். பிழை நீக்கித் தந்தார்கள். புதிய பகுதிகளை எழுதினார்கள். கூலி கேட்டார்களா? இல்லை. இது பொதுச் சொத்து, இன்று நான் ஒரு செங்கல் வைக்கிறேன், நாளை என் வேலைக்கும் இது நிழல் தரும் என்ற நம்பிக்கை. அந்தச் செங்கல்லை வைக்குமுன் ஒரு தாளில் ஒப்புதல் தரச் சொன்னார்கள். பங்களிப்பு ஒப்பந்தம் என்று பெயர். உன் நிரலை நாங்கள் எந்த உரிமத்தின் கீழும் வெளியிடலாம் என்பது அதன் உட்பொருள். எத்தனை பேர் அதை வரி வரியாகப் படித்திருப்பார்கள்? நம்பிக்கை உள்ள இடத்தில் பூதக்கண்ணாடியோடு யார் போகிறார்கள்?

2021 டிசம்பரில் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போயிற்று. 2023 ஆகஸ்ட் 10 அன்று அறிவிப்பு வந்தது: இனி வரும் பதிப்புகளெல்லாம் ‘வணிக மூல உரிம’த்தின் கீழ். பார்க்கலாம், மாற்றலாம், பெரும்பாலான வேலைகளுக்குப் பயன்படுத்தவும் செய்யலாம்; எங்களுக்குப் போட்டியாக மட்டும் கடை போடக்கூடாது. நான்கு ஆண்டு கழிந்தால் அந்தப் பதிப்பு பழையபடி திறந்ததாகிவிடும்! நாலு வருடத்துக்கு முந்தைய பத்திரிகையைப் பொட்டலம் மடிக்கத் தருவது போல! சட்டப்படி குற்றமா? இல்லை. ஒப்பந்தத்தில் ஒப்புதல் தந்தாயிற்றே! இதைத் திறந்த மூலம் என்று அவர்கள் சாதிக்கவும் இல்லை. அந்த அளவுக்கு நேர்மை உண்டு. ஆனால், ஒன்பது ஆண்டுகள் ஊர் கூடி இழுத்த தேரை, ஒரே இரவில் தன் வீட்டுக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தும் அதிகாரம் ஒருவர் கையில் மட்டும் இருந்தது என்பதை அந்த நாள் உலகுக்குக் காட்டியது.

தேரை இழுத்தவர்கள் சும்மா இருந்தார்களா? சில நாட்களுக்குள் அறிக்கை வெளியிட்டார்கள். மாற்றாவிட்டால் கிளை பிரிப்போம் என்றார்கள், பிரித்தும் காட்டினார்கள். செப்டம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையின் நிழலில் ஓப்பன்டோஃபு பிறந்தது. 2024 சனவரியில் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. அந்தக் கிளையிலே இந்த இயக்கத்தைச் சேராத போட்டி நிறுவனங்களும் கை கோத்திருந்தன. அவர்களுக்கும் சொந்த இலாபக் கணக்கு உண்டு, மறைப்பானேன்? ஆனாலும் கிளை பிரிக்க முடிந்ததே, எதனால்? பழைய பதிப்புகளின் மொசில்லா உரிமத்தை எவராலும் திரும்பப் பிடுங்க முடியாது என்பதால். நல்ல பத்திரத்தின் பலம் அங்கேதான்! தாய் நிறுவனமோ ஐ.பி.எம்.முக்கு விலை போயிற்று — 2024 ஏப்ரலில் பேச்சு முடிந்து, 2025 பிப்ரவரியில் கைமாற்றம். விலை 640 கோடி டாலர். செங்கல் வைத்தவருக்கு அதில் பங்கு என்ன என்று கேட்காதீர்கள். கேட்க இடமில்லாமல்தான் அந்த ஒப்பந்தமே எழுதப்பட்டிருந்தது.

நிறுவனங்கள் பக்கத்து வாதத்தையும் கேட்போம். எலாஸ்டிக் என்ற நிறுவனத்தின் குறை இது: நாங்கள் வியர்வை சிந்தி ஆக்குகிறோம்; அமேசான் என்ற மலைப்பாம்பு வருகிறது; எங்கள் மென்பொருளையே எடுத்துத் தன் வாடகைக் கணினிகளில் ஏற்றி, விலை வைத்து விற்கிறது; எங்களுக்கு என்ன மிச்சம்? குறையிலே உண்மை இருக்கிறது. 2015-ல் இருந்து அமேசான் அந்தச் சேவையை நடத்தியது. பெயரைப் பயன்படுத்தியது பற்றி 2019-ல் எலாஸ்டிக் வழக்கே தொடர்ந்தது. சிறு வியாபாரியின் சரக்கைப் பெரு வியாபாரி வாரிக்கொள்ளும் கொடுமை புதிதா என்ன? அந்த நிறுவனம் தன் உரிமத்தை மாற்றிக்கொள்ளட்டும். காசு கேட்கட்டும். கடையைச் சாத்தவும் சாத்தட்டும். அது அவர்கள் உரிமை.

ஆனால் செய்த விதம்? 2018-ல் அதே நிறுவனம் எழுதி வைத்திருந்தது — அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலின் உரிமத்தை நாங்கள் மாற்றவில்லை, ஒருபோதும் மாற்றவும் மாட்டோம் என்று. 2021 சனவரியில் மாற்றினார்கள். மாற்றிய அறிவிப்புக்கு என்ன தலைப்புத் தெரியுமா? திறந்த நிலையில் இரட்டிப்பு உறுதி கொள்கிறோம் என்று பொருள்படும் தலைப்பு! கதவைச் சாத்தும் ஓசைக்குத் திறப்பு விழா மேளம்! அந்தப் புதிய உரிமம் திறந்த மூல உரிமமே அல்ல என்று, 1998-ல் பிறந்த அந்த அமைப்பு ஒரு வாரத்திற்குள் வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்தது. குறை சொல்ல வேண்டிய இடம் இதுதான். பசித்தவன் சோற்றுக்கு விலை கேட்கலாம். விலைப் பலகைக்கு மேலே அன்னச்சத்திரம் என்று எழுதக் கூடாது.

ஒரு சொல்லுக்கா இத்தனை சண்டை என்று கேட்பார்கள், அறிவாளிகள். ஆமாம், ஒரு சொல்லுக்குத்தான்! அந்தச் சொல்லைக் கண்டால், உள்ளே புகுந்து பார்க்காமலே, வழக்கறிஞருக்குப் பணம் கொட்டாமலே, இதன்மேல் நம்பி வீடு கட்டலாம் என்று பொருள். கணினித் திரையிலே கே.டி.ஈ., கினோம் என்ற முகப்புகள் தமிழிலே வந்தனவே, எப்படி வந்தன? தமிழுக்குச் சந்தை இருக்கிறதா, இலாபம் வருமா என்று எந்த முதலாளியும் கணக்குப் பார்த்துக் கையெழுத்திட்டா வந்தன? தொண்டர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். அனுமதி கேட்டு மனுப் போடவில்லை. உரிமம் முன்னரே அனுமதி தந்திருந்தது. சொல் கெட்டுப் போனால், இனி இப்படி உழைக்க வருகிறவர் ஒவ்வொருவரும் முதலில் வக்கீல் வீட்டுத் திண்ணையிலே உட்கார வேண்டும். பணம் படைத்த நிறுவனத்துக்கு வக்கீல் இருக்கிறார். மாலைநேரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி உழைப்பவருக்கு?

இந்தக் குழப்பத்தை உச்சிக்குக் கொண்டுபோனது செயற்கை நுண்ணறிவு. 2023 சூலையில் மெட்டா நிறுவனம் லாமா 2 என்னும் மாதிரியை வெளியிட்டுத் திறந்த மூலம் என்று விளம்பரம் செய்தது. உரிமத்திலோ, மாதம் 70 கோடிப் பயனாளருக்கு மேல் உள்ள நிறுவனம் தனியே அனுமதி கேட்க வேண்டும் என்று ஒரு விதி. இன்னின்ன வேலைக்கு ஆகாது என்று ஒரு நீண்ட பட்டியல். ஆளுக்குப் பாகுபாடு, துறைக்குத் தடை. உயிர்நாடி என்று சொன்னோமே, இரண்டிலுமே கத்தி! இது திறந்த மூலம் அல்ல என்று உடனே மறுப்பு எழுந்தது. மறுப்பைக் கேட்டுத் திருந்தினாரா? 2024 சூலையில் சக்கர்பர்க், திறந்த மூல நுண்ணறிவே எதிர்காலப் பாதை என்று நீண்ட மடலே வரைந்தார்!

70 கோடிப் பயனாளர் உங்களுக்கு இருக்கிறார்களா, பின் ஏன் கவலை என்று எதிர்வாதம் வரும். எண்ணிக்கை அல்ல செய்தி. கோட்டை இன்று 70 கோடியில் போட்ட கை, நாளை எங்கே போடும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர் ஒருவரே என்பதுதான் செய்தி. தவிரவும், நுண்ணறிவு மாதிரியிலே டிராயிங் எது? வெளியிட்டது பயிற்சியின் விளைவாக வந்த எண்களின் குவியல். எதை ஊட்டிப் பயிற்றினார்களோ அந்தத் தரவை வெளியிடவில்லை. குழம்பை ஊற்றிவிட்டுச் சமையற்குறிப்பும் தந்துவிட்டேன் என்றால் ஒப்புவதா?

2024 அக்டோபர் 28-ல் அந்த அமைப்பே செயற்கை நுண்ணறிவுக்குத் தனி இலக்கணம் வெளியிட்டது. தரவு முழுவதையும் தர வேண்டியதில்லை, அதைப் பற்றிய விரிவான விவரம் தந்தால் போதும் என்கிறது அது. காவற்காரரே வேலியைத் தாழ்த்திவிட்டார் என்று ஒரு சாரார் குமுறுகிறார்கள். மருத்துவக் குறிப்புப் போன்ற, வெளியிட முடியாத தரவுகளும் உண்டே என்பது மறுசாரார் பதில். என் மனம் குமுறுவோர் பக்கமே சாய்கிறது. தர முடியாத காரணம் நியாயமாகவே இருக்கலாம். நியாயமான காரணத்தால் மூடியது என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே, திறந்தது என்று ஏன் சொல்ல வேண்டும்? இத்தனை தளர்த்திய அந்த இலக்கணத்துக்குள்ளும் லாமா அடங்கவில்லை என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

போனவர்கள் சிலர் திரும்பியும் வந்திருக்கிறார்கள். எலாஸ்டிக் 2024 ஆகஸ்டில் அங்கீகாரம் பெற்ற திறந்த மூல உரிமம் ஒன்றையும் சேர்த்துக் கொண்டது. 2024 மார்ச்சில் உரிமத்தை மூடிய ரெடிஸ், 2025 மே மாதத்தில் அதே வழியில் திரும்பியது. மனச்சாட்சி உறுத்தியதா? உறுத்தியிருக்கலாம், அந்தக் கணக்கு நமக்குத் தெரியாது. தெரிந்த கணக்கு வேறொன்று: ரெடிஸ் கதவைச் சாத்திய அந்த மார்ச்சு முடியுமுன்பே, அதில் உழைத்தவர்கள் பழைய நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கி என்று வேறு பெயரில் கடைக்கால் நட்டுவிட்டார்கள். அமேசானும் கூகுளும் ஆரக்கிளும் அங்கே போய் நின்றன. ரெடிஸ் திரும்பி வந்து கதவைத் திறந்தபோதும், வால்கியைக் கலைத்துவிட்டு எல்லோரும் பழைய வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. அங்கே வேலை நடந்து கொண்டிருக்கிறது.